இறங்குபவர் பெயர்

நம் கணினி அறையில் ஒரு கணக்கை ஓட்டத் தொடங்கினால் திரையில் ஒரு கட்டம் வந்து நிற்கும். 'இறங்குபவர் பெயர்' என்று அதில் கேட்டிருக்கும். ஏதாவது அடித்தால்தான் கணக்கு மேலே நகரும். போன வாரம் கல்லூரிக்கு வந்திருந்தேன். நீங்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தீர்கள். நான் சும்மா இருப்பேனா? திறந்து கிடந்த திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவர் அந்தக் கட்டத்தில் 'அஅஅ' என்று அடித்திருந்தார். இன்னொருவர் 'டெஸ்ட்' என்று. ஒருவர் என் பெயரையே போட்டிருந்தார். அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை ஏதாவது பள்ளத்தில் இறக்கிப் பார்க்கும் ஆசை இந்தத் துறையில் பலருக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் அந்தக் கட்டம் எதற்கு என்று உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது புரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சந்தேகக்காரி. இதை உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், சொன்னவர் யார் என்றுகூட எனக்கு ஓர் ஊகம் உண்டு. பாலை மோந்து பார்க்காமல் காபி கலக்க மாட்டேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் இது ஒடுகத்தூர்தானே போகிறது என்று நடத்துநரிடம் ஒருமுறை, பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்பேன். எங்கள் வீட்டில் மல்லாட்டை போடுவார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. வாங்க வரும் வியாபாரி ஒரு கை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். கலகலவென்று சத்தம் வந்தால் காய்ந்த கடலை. வராவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, தண்ணீருக்கும் சேர்த்து விலை கேட்கிறோம் என்று அர்த்தம். அவர் எங்கள் மூட்டையை நம்ப மாட்டார், நாங்கள் அவர் தராசை நம்ப மாட்டோம். இந்தப் பழக்கத்தோடுதான் வேதியியலுக்கு வந்தேன். கணினி அறை என் பொறுப்பில் இருந்த காலம் முழுவதும் இந்தப் பழக்கம் போகவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக நம் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உலோகக் கணுக்களைக் கரிம மூலக்கூறுத் தண்டுகளால் கோத்தால் துளை துளையாக ஒரு படிகம் கிடைக்கும். அந்தத் துளைகளுக்குள் வாயு போய் ஒட்டிக்கொள்ளும். எந்த வாயு எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதை, அந்தப் படிகத்தைத் தூளாகத் தயாரிப்பதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டுச் சொல்வதுதான் நம் பிழைப்பு. அறை என் பொறுப்பில் இருந்தபோது ஒரு வருடம் நஸ்ரீன் என்ற ஆராய்ச்சி மாணவி, வாணியம்பாடியிலிருந்து ரயிலில் வந்து போகிற பெண், செம்புக் கணு உள்ள ஒரு படிகத்தை எடுத்துக் கணக்கிட்டாள். பிடிக்க வேண்டிய வாயு ஹைட்ரஜன் சல்பைடு. படிகம் அதைப் பிடிப்பதோடு நிற்காது, வினையூக்கியாக வேலை செய்து காற்றோடு சேர்த்துக் கந்தகமாகவும் மாற்றிவிடும் என்று அவளுடைய வழிகாட்டியான துறைத்தலைவர் உறுதியாக நம்பினார்.

அந்த வாயு இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. தோல் பதனிடும் டேனரியில் முடியை நீக்கிய சல்பைடு நீரும், பிறகு குரோம் போட்ட அமில நீரும் கழிவுத் தொட்டியில் ஒன்று சேர்ந்தால் அது கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும். ஜாஸ்தியானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று இறங்கினவர்கள் ஏறி வந்ததில்லை. எத்தனையோ ஏமாற்றுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன், இந்த வாயு அளவுக்கு ஒருவரையும் பார்த்ததில்லை.

நஸ்ரீனுக்கு வந்த எண் ரொம்ப அழகாக இருந்தது. செம்பு அந்த வாயுவை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது என்றது கணக்கு. தலைவர் தம் ஆய்வகத்தில் அதே தூளைத் தயாரித்து, சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்தி அளந்தார். அளவும் கணக்கும் ஒத்துப்போயின. துறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். நான் மட்டும் என் பங்கை எடுத்து வைத்துவிட்டு, இவ்வளவு அழகாக ஒத்துப்போகுமா என்று யோசித்தேன்.

முதலில் நஸ்ரீனைச் சந்தேகப்பட்டேன். அவளுக்குத் தெரியாமல் அதே கணக்கை நானே உட்கார்ந்து செய்தேன், அதே எண்தான் வந்தது. அடுத்தது தலைவர். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப அளந்திருப்பாரோ என்று அவருடைய உதவியாளரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். இல்லை, எண் கைக்கு வருவதற்கு முன்பே அளந்து முடித்திருந்தார். இரண்டு பேருமே யோக்கியமானவர்கள். அதுதான் என்னை இன்னும் பேஜார் பண்ணியது. இரண்டு சாட்சிகள் ஒரு வார்த்தைகூட மாறாமல் சொன்னால், இரண்டு பேருக்கும் யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் இல்லையா?

இந்த நேரத்தில் இம்தியாஸ் பாய் வந்து சேர்ந்தார். ஆம்பூரில் டேனரி வைத்திருப்பவர், தலைவருக்குப் பழைய தோஸ்த். அவருடைய கழிவுத் தொட்டிக்குள் இருக்கும் சேற்றுப் பம்பு அடிக்கடி அடைத்துக்கொள்ளும். தூளை ஒரு டப்பாவில் அடைத்து முகமூடியில் பொருத்திக் கொடுத்தால், வாயுவை அது பிடிக்கிறதா என்று தம் இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றார். துறை முழுவதற்கும் பிரியாணி அனுப்பினார், கத்தரிக்காயும் தனியாக. இவ்வளவு அவசரம் எதற்கு என்று எனக்கு உறுத்தியது. பிரியாணியை மட்டும் சந்தேகப்படாமல் சாப்பிட்டேன்.

தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பது சட்டம். அது பாய்க்கும் தெரியும். யாரையும் இறக்க மாட்டேன், டப்பாவை மட்டும்தான் டெஸ்ட் பண்ணுவோம் என்று தொலைபேசியில் என்னிடம் அழுத்திச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். கேட்காமலே வருகிற பதிலை நான் நம்புவதில்லை.

நஸ்ரீனைக் கூப்பிட்டு, முதல் அடியிலிருந்து எனக்கு ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் செய்து காட்டினாள். படிகத்தின் கோப்பைத் திறந்தாள். திரையில் செம்புக் கணுக்கள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பாக ஒரு புள்ளி. அடுத்த கட்டளையைத் தட்டினாள். சிவப்புப் புள்ளிகள் மறைந்துவிட்டன.

"செம்பு மேல செவப்பா ஒண்ணு இருந்துச்சே, எங்க போச்சு?" என்றேன்.

"அது தண்ணி மேடம். க்ளீன் பண்றப்போ போய்டும். எல்லாரும் எடுத்துடுவாங்க."

எல்லோரும் எடுத்துவிடுவார்கள் என்பது உண்மை. நானும்தான் எடுத்திருக்கிறேன், நீங்களும் எடுக்கிறீர்கள். படிகம் வளரும்போது செம்பின்மேல் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். கணக்கு ஓட்டுவதற்கு முன் அதைத் துடைத்து இடத்தைக் காலியாக்குவது நம் தொழிலின் சுத்தம், கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவதைப் போல. அதில் தப்பும் இல்லை, உலர்ந்த வாயுவை ஆராய்கிறவரைக்கும். தலைவரின் ஆய்வகத்திலும் அதேதான் நடந்திருந்தது. அளப்பதற்கு முன் தூளைச் சூடாக்கி, வெற்றிடத்தில் வைத்து, ஒட்டியிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்திருந்தார். சிலிண்டரில் வந்ததும் உலர்ந்த வாயு. இரண்டு சாட்சிகளுக்கும் சொல்லிக் கொடுத்தது யார் என்று அப்போது தெரிந்தது. ஆள் யாரும் இல்லை, வழக்கம்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

அவர்கள் எழுதிய கட்டுரையின் கடைசியில் ஈரத்தின் விளைவு தனியாக ஆராயப்படும் என்று ஒரு வரி இருந்தது. இந்த வரியை நீங்களும் எழுதுவீர்கள். தனியாக ஆராய்வது என்றால் யாரும் ஆராயப்போவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தண்ணீரை எடுக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார் என்றேன். அவள் தொடங்கினாள். தண்ணீர் இருந்தால் கணக்கு இழுத்துக்கொண்டே போகும், உடனே முடிகிற வேலை இல்லை. அதற்குள் ஆம்பூர் சோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். தலைவரிடம் போய்த் தள்ளிப் போடச் சொன்னேன். ஈரம் இருந்தாலும் தூள் கொஞ்ச நேரம் தாங்கும், அவர்களுக்கு வேண்டியதே கொஞ்ச நேரம்தான் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாதுதான், ஆனால் நான் தாங்கும் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை. உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் மேடம் என்றார். ஆமாம் என்றேன்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. நஸ்ரீனும் நானும் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது தலைவர் முன்பே வந்திருந்தார். முற்றத்தில் குரோம் ஏறி நீலம் பாய்ந்த தோல்கள் சொட்டச் சொட்ட அடுக்கியிருந்தன. உள்ளே தோல் போட்ட பெரிய டிரம்கள் உருண்டன. தரை, சுவர், மனிதர்களின் காலுறை, எதுவும் காயவில்லை. ஆய்வகத்தில் அவ்வளவு பாடுபட்டு உலர்த்திய தூள் இங்கே என்ன செய்யும் என்று எனக்குப் பகீரென்றது.

தொட்டியின் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் ஒரு கயிறும் இடுப்புப் பட்டையும் வைத்திருந்தார்கள். இது எதற்கு என்று பாயைக் கேட்டேன். சும்மா, பாதுகாப்புக்கு என்றார். மேலே நிற்கிற ஆளுக்குக் கயிறு எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். பம்பு மறுபடி அடைத்துவிட்டது, வெளிநாட்டு வாங்குபவர்கள் பார்வையிட வருகிறார்கள், தொட்டி நிரம்பி வழிந்தால் ஆர்டர் போய்விடும், எங்கள் ஆள் சேகர் இறங்கி, பம்பில் சிக்கிய ஒரு துணிக் கத்தையை உருவிவிட்டால் போதும், டப்பாதான் இருக்கிறதே. அவர் கெட்டவர் இல்லை. நம் கட்டுரையை நம்பினார். அதுதான் ஆபத்து.

சேகர் கழிவுப் பிரிவில் வேலை செய்பவர். நல்ல உயரம். பேசும்போது அடிக்கொருதரம் மேல் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மாஸ்க் மூஞ்சியோட ஒட்டணும்னு சொன்னாங்க மேடம், அதான் மீசைய எடுத்துட்டேன். வீட்ல பாப்பா கிட்டயே வரல, யாரோன்னு பயந்துகிச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் நம் எண்ணை நம்பி மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்கிறார். நம் கணக்கோ பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, தொட்டியின் மூடிமேல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் பருமனை முதன்முதலாகப் பயனுள்ள வேலைக்குப் பயன்படுத்தியது அன்றைக்குத்தான். முதலில் டப்பா உள்ளே மூச்சுவிடட்டும், பிறகு மனிதரைப் பற்றிப் பேசுவோம் என்றேன். மூடிக்குப் பக்கத்தில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதில் குழாயை விட்டு, உள்ளே இருக்கும் காற்றைச் சின்னப் பம்பால் டப்பா வழியாக இழுத்து, வெளியே வருவதை வாயு மீட்டரில் பார்ப்பது என்று ஏற்பாடு. பாயின் மீட்டரை நான் தொடவில்லை, கல்லூரியிலிருந்து எங்களுடையதைக் கொண்டுபோயிருந்தேன். அதையும் நம்பாமல், டப்பா இல்லாமல் குழாயின் முனையில் ஒருமுறை காட்டினேன். காது கிழியும்படி அலறியது. உள்ளே வாயு இருக்கிறது, மீட்டருக்கும் உயிர் இருக்கிறது.

பிறகு நடுவில் டப்பாவைப் பொருத்தினோம். மீட்டர் பூஜ்யம் காட்டியது. அசையாத பூஜ்யம்.

தலைவர் என்னைப் பார்த்தார். பாய் சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், உங்க காலேஜ் பேப்பர நீங்களே நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன் பாய். டீ சொல்லுங்க," என்றேன்.

சேகர் பட்டையை இடுப்பில் கட்டத் தொடங்கியிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது. நான் டீயை மெதுவாகக் குடிப்பவள் அல்ல, அன்றைக்கு ஊதி ஊதிக் குடித்தேன். நிஜமாகவே எனக்கு எதுவும் தெரியாது. ஒருவேளை தலைவர் சொன்னதே சரியாக இருந்து, நான்தான் மழையில் ஒரு மூடிமேல் உட்கார்ந்திருக்கும் பைத்தியக்காரியோ என்று தோன்றியது. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நஸ்ரீன் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எறங்கிட்டு டக்குனு ஏறிடறேன் மேடம், எழுந்துக்கோங்க," என்றார் சேகர்.

தம்ளரில் பாதி டீ இருக்கும்போது மீட்டர் ஒருமுறை விக்கியது. நஸ்ரீன் குனிந்து பார்த்தாள். அடுத்த விக்கல் உடனே வந்தது. அப்புறம் நிறுத்தாமல் அலறத் தொடங்கியது, டப்பா என்று ஒன்று நடுவில் இல்லவே இல்லை என்பது போல. தம்ளரைக் கீழே வைத்தேன். பயந்துவிட்டேன். ஜெயித்துவிட்டோம் என்றெல்லாம் தோன்றவில்லை. நான் நாற்காலியைப் போடாமல் இருந்திருந்தால் இந்த நேரம் சேகர் எங்கே இருந்திருப்பார் என்பது மட்டும்தான் தோன்றியது. அவர் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பம்பை நிறுத்திவிட்டு டப்பாவைத் திறந்தோம். உலர்ந்தபோது அடர்நீலமாக இருந்த தூள் முழுக்க வெளிர்நீலமாகியிருந்தது. அது ஈரம் குடித்த நிறம். வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. செம்பு அந்த வாயுவைப் பிடித்த இடம் அவ்வளவுதான். மீதி இடங்களிலெல்லாம் தண்ணீர் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. நஸ்ரீன் திரையில் ஒரே தட்டலில் துடைத்துப் போட்ட அதே தண்ணீர்.

சேகர் பட்டையை அவிழ்த்துச் சுவரோரம் வைத்தார். ஒருமுறை மேல் உதட்டைத் தடவிக்கொண்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனார். பாய் அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, இந்த டப்பா மொத்தமும் வேஸ்டா மேடம் என்று மட்டும் கேட்டார். உலர்ந்த இடத்துக்கு நல்ல டப்பா, உங்கள் இடத்துக்கு இல்லை என்றேன். பிறகு அவர் பம்பையே சங்கிலி போட்டு மேலே தூக்கிச் சுத்தம் செய்யும்படி மாற்றினார். அன்றையிலிருந்து ஆளை இறக்குவதில்லை என்கிறார். நான் நம்பவில்லை. ஆம்பூர் பக்கம் போகும்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

திரும்பும்போது பேருந்தில் நஸ்ரீன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பள்ளிகொண்டா தாண்டியபின் வாயைத் திறந்தாள்.

"அந்த அண்ணன் பேரு என்ன மேடம்?"

சேகர் என்றேன். யாரைப் பார்த்தாலும் பெயரையும் ஊரையும் கேட்டு வைப்பது என் சந்தேகப் புத்தி. அவள் அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீரோடு ஓட்டிய கணக்கு முடிந்தபோது அந்த அழகான எண் காணாமல் போயிருந்தது. தலைவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என்னோடு பேசுவதையும் கொஞ்ச காலம் நிறுத்திக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு ஈரக் காற்றை விட்டுச் சோதிக்காமல் ஒரு தூளையும் அவர் வெளியே அனுப்பியதில்லை, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நஸ்ரீன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். தொடங்குவதற்கு முன் நம் நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்தாள். தண்ணீரைத் துடைக்கும் கட்டளைக்கு முன்னால் 'இறங்குபவர் பெயர்' என்ற அந்தக் கட்டத்தை வைத்தாள். பெயர் போடாமல் யாரும் தண்ணீரை எடுக்க முடியாதபடி செய்துவிட்டுத்தான் அன்று ரயிலுக்குக் கிளம்பினாள்.

ஆட்களைச் சந்தேகப்பட்டதில் என் நேரம் நிறைய வீணாயிற்று. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். உங்கள் தோழர்கள் பெரும்பாலும் யோக்கியர்கள்தான். எல்லோரும் செய்கிறார்களே என்று யோசிக்காமல் தட்டுகிற கட்டளை எதுவோ, அதைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. போன வாரம் நான் பார்த்த கடைசித் திரையில் ஒருவர் 'சேகர்' என்று அடித்திருந்தார். ஒரு நிமிடம் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பிறகு யோசித்தேன். நஸ்ரீனின் பழைய கணக்கு எதிலிருந்தோ பார்த்துக் காப்பி அடித்திருப்பீர்கள். சேகர் மீசையைத் திரும்ப வளர்த்துக்கொண்டு, ஆம்பூரில் தொட்டிக்கு மேலே நின்று வேலை செய்கிறார். அவரை விட்டுவிடுங்கள். உங்கள் தூள் எந்த ஊருக்குப் போகிறதோ அங்கே போய், அதை முகத்தில் மாட்டப் போகிறவர் யார் என்று விசாரித்து, அவருடைய பெயரை அடியுங்கள். நான் மறுபடி வருவேன். சாப்பாட்டு நேரத்தில்தான் வருவேன்.